அன்று ரத்து செய்திருக்க வேண்டிய பயணம்: சாக்செட்பாக், 1999

1999 ஜூலை 27, செவ்வாய்க்கிழமை மாலை. சுவிட்சர்லாந்தின் இன்டர்லாகன் நகருக்குப் பக்கத்தில் சாக்செட்பாக் என்னும் மலை ஓடைக்குள், கேன்யனிங் என்ற சாகச விளையாட்டுக்காக 45 சுற்றுலாப் பயணிகளும் 8 கைடுகளும் குழுக்களாகப் பிரிந்து இறங்கினார்கள். மேலே மலையில் பெய்த இடிமழை, ஓடையில் வெள்ளமாகத் திரண்டு வந்தது. 21 பேர் இறந்தார்கள். 18 பேர் பயணிகள், 3 பேர் அவர்களை அழைத்துப் போன கைடுகள். இறந்தவர்களில் 14 பேர் ஆஸ்திரேலியர்கள். நியூசிலாந்து, பிரிட்டன், தென்னாப்பிரிக்கா, சுவிட்சர்லாந்தைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். பெரும்பாலும் இருபதுகளில் இருந்த இளைஞர்கள்.

ஊர் சுற்றப் போன இடத்தில் முதன்முறையாக ஒரு சாகச விளையாட்டில் இறங்கிப் பார்க்க நினைக்கும் எவரும் தெரிந்துகொள்ள வேண்டிய நிகழ்வு இது. காரணம், அன்று எந்தக் கருவியும் பழுதாகவில்லை. கயிறு அறவில்லை, கொக்கி கழலவில்லை, ஹெல்மெட் உடையவில்லை. யாரும் குதிக்கத் தெரியாமல் குதித்து அடிபட்டுச் சாகவுமில்லை. முதன்முறை வருகிற ஒருவர் எதையெல்லாம் நினைத்துப் பயப்படுவாரோ, அது எதுவும் நடக்கவில்லை. நடந்தது அவர் பார்வைக்கு எட்டாத தூரத்தில் தொடங்கியது.

ஓடையும் விளையாட்டும்

கேன்யனிங் என்பது மலை இடுக்கில் ஓடும் ஓடையில் மேலிருந்து கீழே இறங்கி வருவது. நடப்பது, நீந்துவது, வழுக்குப் பாறையில் சறுக்குவது, சிறு அருவிகளின் ஓரமாகக் கயிற்றில் இறங்குவது, பாறை விளிம்பிலிருந்து ஆழமான மடுவுக்குள் குதிப்பது என எல்லாம் கலந்தது. குளிருக்கு வெட்சூட், தலைக்கு ஹெல்மெட், இடுப்பில் கயிறு மாட்டும் பட்டை. நீச்சலும் ஓரளவு தெம்பும் இருந்தால் போதும், முன் அனுபவம் வேண்டாம் என்றுதான் பல இடங்களில் விற்கிறார்கள். அது பொய்யும் அல்ல. தண்ணீர் அளவாக ஓடும் நல்ல நாளில், நல்ல கைடோடு போனால், முதல் நாளே மனம் நிறைந்து வெளியே வரலாம்.

சாக்செட்பாக் சாக்செட்டன் கிராமத்தின் பள்ளத்தாக்கிலிருந்து வில்டர்ஸ்வில் பக்கம் இறங்கி லூட்சினே ஆற்றில் சேர்கிறது. லூட்சினே பிரியன்ஸ் ஏரியில் கலக்கிறது. இன்டர்லாகனிலிருந்து வண்டியில் சிறிது நேரத்தில் போய்ச் சேரலாம். அதனால் புதியவர்களை அழைத்துப் போக ஏற்ற இடமாக அது ஆகியிருந்தது. அன்று வந்தவர்களில் பலர், ஐரோப்பிய நாடுகளை வரிசையாகச் சுற்றிக்காட்டும் இளைஞர் பஸ் சுற்றுலாக்களில் வந்தவர்கள். இன்டர்லாகனில் தங்கும் ஒன்றிரண்டு நாளில் என்ன செய்யலாம் என்ற பட்டியலில் கேன்யனிங்கும் ஒன்று.

ஓடையின் அமைப்பைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் விபத்தின் முக்கால்வாசி அதில்தான் இருக்கிறது. மடுவில் நிற்கும் ஒருவர் கண்ணுக்குத் தெரிவது இரண்டு பக்கமும் செங்குத்தான பாறை, தலைக்கு மேல் வானத்தின் ஒரு கீற்று, முன்னே பின்னே சில மீட்டர் தண்ணீர். அவ்வளவுதான். ஆனால் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மேலே விரிந்து கிடக்கும் மலைச்சரிவுகள் அத்தனையிலிருந்தும். இதை நீர்பிடிப்புப் பகுதி என்கிறோம். பள்ளத்தாக்கு முழுவதும் ஒரு பெரிய புனல் மாதிரி. மலை இடுக்கு அதன் குறுகிய வாய்.

கணக்கு எளிது. ஒரு சதுர கிலோமீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 10 லட்சம் லிட்டர் தண்ணீர். பத்து சதுர கிலோமீட்டரில் 20 மில்லிமீட்டர் கொட்டினால் 20 கோடி லிட்டர். இதில் ஒரு பகுதியை மண் உறிஞ்சும். ஆனால் செங்குத்தான பாறைச்சரிவிலும், ஏற்கெனவே நனைந்து ஊறிய மண்ணிலும் பெரும்பகுதி வழிந்துதான் ஓடும். இடிமழை இதைச் சில நிமிடங்களில் கொட்டித் தீர்த்துவிடும். எல்லா ஓடைகளும் ஒரே வாயில் சேரும்போது தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக ஏறாது. திரண்டு ஒரே அடியாக வரும். வழியில் கிடக்கும் மரங்களையும் கற்களையும் சேற்றையும் வாரிக்கொண்டு வரும். ஒரு கன மீட்டர் தண்ணீரின் எடை ஒரு டன். அது ஓடும் வேகம் இரண்டு மடங்கானால் ஒருவரைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். இடுப்பளவு தண்ணீர்கூட அந்த வேகத்தில் வந்தால் எவ்வளவு பலசாலியும் நிற்க முடியாது. நீச்சல் தெரிந்திருப்பதால் அங்கே பெரிய பயனில்லை.

இன்னொன்றும் உண்டு. மழை மேலே பெய்து கொண்டிருக்கும்போது கீழே வெயில்கூட அடிக்கலாம். தன் தலையில் ஒரு துளியும் விழாத ஒருவரை வெள்ளம் வந்து அடித்துப் போகலாம். மலையடிவாரத்தில் வாழ்கிறவர்களுக்கு இது பாலபாடம். விமானம் ஏறி வந்து முந்தின நாள் இரவுதான் அந்த ஊரில் இறங்கியவருக்கு இது தெரிய வழியே இல்லை.

அன்று மாலை

ஆல்ப்ஸ் மலைகளில் கோடைக்காலப் பிற்பகல்களில் இடிமழை வழக்கம். காலையில் வெயில், மதியத்தில் மேகம் திரளும், மாலையில் கொட்டும். ஆகவே ஜூலை மாத மாலை நேரம் என்பதே ஒரு கைடை யோசிக்க வைக்க வேண்டிய விஷயம். அன்றும் இடிமழை நெருங்கி வந்துகொண்டிருந்தது. வானிலையைப் பார்த்து வேறொரு நிறுவனம் அன்றைய தன் பயணத்தை நிறுத்திவிட்டதாக அப்போதைய செய்திகள் பதிவு செய்தன. இந்த 45 பேரை அழைத்துப் போன நிறுவனம் நிறுத்தவில்லை.

குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடைக்குள் இருந்தபோது வெள்ளம் வந்தது. ஓரம் ஏற வசதியான இடத்தில் இருந்தவர்கள் பிழைத்தார்கள். குறுகிய இடத்தில் மாட்டிக்கொண்டவர்களுக்கு ஏற இடமே இல்லை. பலரின் உடல்கள் லூட்சினே வழியாகப் பிரியன்ஸ் ஏரி வரைக்கும் அடித்துச் செல்லப்பட்டிருந்தன.

இறந்த 3 கைடுகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. ஆபத்து என்று தெரிந்தே பயணிகளைத் தள்ளிவிட்டுத் தாங்கள் கரையில் நின்றவர்கள் அல்ல அவர்கள். அவர்களும் அதே தண்ணீரில்தான் இருந்தார்கள். போகலாம் என்று அவர்களும் நம்பியிருக்கிறார்கள். கைடும் கூடத்தானே வருகிறார், அவருக்கு உயிர் மேல் ஆசை இருக்காதா என்று நாம் நினைப்பது இயல்பு. அந்த நினைப்பு எவ்வளவு பலவீனமான உத்தரவாதம் என்பதை சாக்செட்பாக் காட்டுகிறது. கைடின் துணிச்சலும் நல்லெண்ணமும் ஒரு பக்கம். எந்த மேகத்தைப் பார்த்தால் திரும்ப வேண்டும் என்று அவருக்கு யாராவது கற்றுக்கொடுத்தார்களா என்பது வேறு.

நினைவஞ்சலிக்கு ஆஸ்திரேலியாவின் அன்றைய கவர்னர் ஜெனரல் சர் வில்லியம் டீன் நேரில் வந்தார். கான்பெராவில் தன் அரசு மாளிகைத் தோட்டத்திலிருந்து வாட்டில் பூங்கொத்துகள் 14 எடுத்துவந்திருந்தார். வாட்டில் அந்த நாட்டின் தேசிய மலர். அங்கே அப்போது குளிர்காலம், மஞ்சளாகப் பூக்கத் தொடங்கும் பருவம். இறந்த ஒவ்வொரு ஆஸ்திரேலியருக்கும் ஒன்றாக அவரும் அவர் மனைவியும் அந்தக் கொத்துகளை ஓடையில் விட்டார்கள். அரசு மரியாதைகளில் இவ்வளவு பொருத்தமானதை நான் அதிகம் அறிந்ததில்லை.

நீதிமன்றம் சொன்னது

வழக்கு 2001 டிசம்பரில் இன்டர்லாகனில் நடந்தது. கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக 8 பேர் மீது குற்றச்சாட்டு. அவர்களில் 6 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது: நிறுவனத்தை நடத்தியவர்களும் பொறுப்பில் இருந்தவர்களும். நிறுத்தி வைக்கப்பட்ட சில மாதச் சிறைத்தண்டனையும் அபராதமும் விதிக்கப்பட்டன. கீழ்நிலையில் இருந்த கைடுகள் 2 பேர் விடுவிக்கப்பட்டார்கள்.

தண்டனை போதாது என்று பிள்ளைகளை இழந்த குடும்பங்கள் வருந்தின. அந்த வருத்தம் நியாயமானதுதான். ஆனால் இந்த ஆய்வுக்குத் தண்டனையின் அளவைவிடப் பொறுப்பு யார் தலையில் விழுந்தது என்பது முக்கியம். வெள்ளம் யாரும் எதிர்பார்க்க முடியாதது என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. இடிமழையின் ஆபத்தை உணர்ந்து முடிவெடுக்கும் பயிற்சியும், பயணத்தை எப்போது நிறுத்த வேண்டும் என்ற பாதுகாப்பு ஏற்பாடும் நிறுவனத்தில் போதவில்லை என்பதே தீர்ப்பின் சாரம். கடைசியில் பயணிகளோடு ஓடையில் இறங்கிய இளைய கைடுக்கு அல்ல, அந்த முடிவை எப்படி எடுப்பது என்று வகுத்திருக்க வேண்டிய மேலிடத்துக்கே பழி போனது. எனக்கு இது சரியான தீர்ப்பாகவே படுகிறது. ஏனென்றால் அலுவலகத்தில் இல்லாத ஒழுங்கை ஓடைக்குள் நிற்கும் ஒரு கைடு தனியாக உண்டாக்கிவிட முடியாது. வண்டியிலிருந்து இறங்கி வெட்சூட் மாட்டிக்கொண்டு ஆவலோடு நிற்கும் ஒரு கூட்டத்திடம் "இன்றைக்கு வேண்டாம்" என்று சொல்ல, முதலாளியின் ஆதரவு அவருக்கு முன்கூட்டியே கிடைத்திருக்க வேண்டும்.

அப்போது சுவிட்சர்லாந்தில் கேன்யனிங்குக்கென நாடு தழுவிய சட்டம் கிடையாது. மலையேற்றத்தில் நூறாண்டுக்கும் மேலான அனுபவம் உள்ள நாடு அது. ஆனால் இந்தப் புது விளையாட்டுகள் சட்டத்தைவிட வேகமாக வளர்ந்துவிட்டன. 2003இல் "சேஃப்டி இன் அட்வென்சர்ஸ்" என்ற அறக்கட்டளை தொடங்கி, நிறுவனங்களின் பாதுகாப்பைத் தணிக்கை செய்து சான்று கொடுக்க ஆரம்பித்தது. மலை வழிகாட்டிகளுக்கும் ஆபத்தான விளையாட்டுகளை நடத்துவோருக்குமான கூட்டாட்சிச் சட்டம் 2010 டிசம்பரில் நிறைவேறி, 2014 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்தது. கேன்யனிங், ராஃப்டிங் (ஆற்று வெள்ளத்தில் ரப்பர் படகில் போவது), பங்கீ ஜம்பிங் (மீள்கயிற்றைக் கட்டிக்கொண்டு உயரத்திலிருந்து குதிப்பது) ஆகியவற்றைத் தொழிலாக நடத்த அனுமதி வேண்டும் என்றானது. விபத்துக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்ததற்கும் இடையே 14 ஆண்டுகள்.

பத்து மாதம் கழித்து

2000 மே மாதம், அதே நிறுவனம் நடத்திய பங்கீ ஜம்பிங்கில் ஓர் அமெரிக்க இளைஞர் இறந்தார். இடம் அதே வட்டாரத்தின் ஷ்டெக்கல்பெர்க். கேபிள் காரிலிருந்து குதிக்கும் ஏற்பாடு. சுமார் 100 மீட்டர் உயரத்துக்கு, 180 மீட்டர் உயரத்துக்கான கயிற்றை மாட்டிவிட்டார்கள். அதன் பிறகு நிறுவனம் மூடப்பட்டது.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பயனுள்ளது. இரண்டும் ஒரே மாதிரியான தவறு அல்ல. பங்கீயில் நடந்தது சரிபார்ப்புப் பிழை. ஒரு ஆள் மாட்டுவதை இன்னொரு ஆள் தனியாகச் சரிபார்க்க வேண்டும், கயிறுகளில் நிறக்குறி இருக்க வேண்டும், எடையும் உயரமும் சத்தமாகச் சொல்லி ஒப்பிடப்பட வேண்டும். இவை நடக்கின்றனவா என்பதை வரிசையில் நிற்கும் பயணி தன் கண்ணால் பார்க்கலாம். தனக்கு முன்னால் குதிக்கும் நான்கைந்து பேருக்கு என்ன செய்கிறார்கள் என்று கவனித்தாலே பாதி தெரிந்துவிடும். கேன்யனிங்கிலும், துணிச்சிறகில் பறக்கும் பாராகிளைடிங்கிலும் நிலைமை வேறு. அங்கே ஆபத்து தண்ணீரிலும் காற்றிலும் இருக்கிறது. அதைப் படிக்க அந்த இடத்தின் பழக்கம் வேண்டும். முதன்முறை வருகிறவரால் அதைப் பார்க்கவே முடியாது. அவர் காசு கொடுத்து வாங்குவது குதிக்கும் அனுபவத்தை மட்டும் அல்ல. "இன்று வேண்டாம்" என்று சொல்லும் அறிவையும் சேர்த்துத்தான். அந்த அறிவு இல்லாத கடையில் மற்ற எல்லாம் முதல்தரமாக இருந்தும் பயனில்லை.

சாக்செட்பாக் தனி நிகழ்வும் அல்ல. 2008 ஏப்ரல் 15இல் நியூசிலாந்தின் மங்காடெபோபோ ஓடையில் பள்ளி மாணவர்கள் 6 பேரும் ஆசிரியர் ஒருவரும் இதே போன்ற திடீர் வெள்ளத்தில் இறந்தார்கள். 2018 ஆகஸ்ட் 20இல் இத்தாலியின் ரகனெல்லோ மலை இடுக்கில் 10 பேர். அன்று அந்தப் பகுதிக்கு வானிலை எச்சரிக்கை ஏற்கெனவே வெளியாகியிருந்தது. நியூசிலாந்து 2011இல் சாகச விளையாட்டு நடத்துவோர் அனைவரும் வெளியாள் தணிக்கைக்கு உட்பட்டுப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று விதி கொண்டுவந்தது.

பயணி ஏன் திரும்பிப் போவதில்லை

உள்ளூரில் ஒரு விளையாட்டைக் கற்கிறவருக்கு அடுத்த வாரம் இருக்கிறது. மழையா, சரி, ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம். பயணிக்கு அடுத்த வாரம் இல்லை. நாளைக் காலை பஸ் கிளம்பிவிடும். இந்த ஊருக்கு மறுபடி வருவோமா தெரியாது. பணம் கட்டியாயிற்று. கூட வந்தவர்கள் எல்லோரும் தயாராக நிற்கிறார்கள். தான் ஒருவர் மட்டும் தயங்கினால் மற்றவர்கள் உற்சாகத்தைக் கெடுப்பதாக ஆகிவிடுமோ என்ற கூச்சம். மொழி தெரியாத இடத்தில் கேள்வி கேட்பதில் ஒரு சங்கோஜம். வயிற்றில் ஏதோ பிசைகிறது. ஆனால் முதன்முறை என்றால் பயமாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே உண்மையான எச்சரிக்கையையும் அந்தச் சாதாரணப் பயத்தோடு சேர்த்து விழுங்கிவிடுகிறோம்.

நான் மிக முக்கியமாகக் கருதுவது இதைத்தான். உயரத்தைப் பார்த்து வரும் நடுக்கம் வேறு, நிலைமை சரியில்லை என்ற உறுத்தல் வேறு. பாறை விளிம்பில் கால் கூசினால் அது உடம்பின் வேலை. மூச்சை இழுத்து விட்டுக் குதிக்கலாம். ஆனால் மேலே இடி கேட்கிறது, சற்று முன் தெளிவாக இருந்த தண்ணீர் கலங்கிப் பழுப்பாகிறது, இலையும் சுள்ளியும் மிதந்து வருகின்றன, ஓடையின் இரைச்சல் கூடுகிறது, மண் வாடை அடிக்கிறது என்றால் அது தைரியத்தைச் சோதிக்கும் இடம் அல்ல. உடனே கைடிடம் சொல்ல வேண்டும், உடனே உயரமான இடத்துக்கு ஏற வேண்டும். கீழ்நோக்கி ஓடித் தப்பிக்கலாம் என்று நினைக்கக் கூடாது. தண்ணீர் அதைவிட வேகமாக வரும்.

பயண அட்டவணையின் நெருக்கடி மற்ற விளையாட்டுகளிலும் வேலை செய்கிறது. சுவாசக் கருவியோடு கடலுக்குள் மூழ்கும் ஸ்கூபா டைவிங் ஓர் உதாரணம். ஒரே ஒரு முறை மூழ்கியிருந்தாலும் விமானம் ஏறக் குறைந்தது 12 மணி நேரமும், பல முறை அல்லது பல நாள் மூழ்கியிருந்தால் 18 மணி நேரமும் இடைவெளி விட வேண்டும் என்பது டைவிங் பாதுகாப்புக்கான அமைப்பான டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்கின் பரிந்துரை. ஊர் திரும்பும் நாள் காலையில் மூழ்கிவிட்டு மாலை விமானம் பிடிப்பவர்கள் இதைத்தான் மீறுகிறார்கள். ஆகவே, சாகச விளையாட்டைப் பயணத்தின் கடைசி நாளில் வைக்காதீர்கள். முதல் பாதியில் வைத்தால் மழை பெய்தால் தள்ளிப்போட இடம் இருக்கும். கைடு ரத்து செய்தால் கோபம் வராது.

கையெழுத்து போடும் முன்

எல்லா இடத்திலும் ஒரு படிவம் நீட்டுவார்கள்: எது நடந்தாலும் நாங்கள் பொறுப்பல்ல. படித்துப் பார்த்துப் போடுங்கள். அதே சமயம், அந்தக் காகிதம் எல்லாவற்றையும் மூடிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். சுவிஸ் கடமைகள் சட்டத்தின் 100ஆவது பிரிவின்படி, வேண்டுமென்றே செய்த தவறுக்கும் பெருங்கவனக்குறைவுக்கும் பொறுப்பில்லை என்று முன்கூட்டியே எழுதி வாங்குவது செல்லாது. நாட்டுக்கு நாடு இது மாறும். பயணக் காப்பீடும் அப்படித்தான். சாதாரணப் பாலிசிகள் பலவற்றில் இந்த விளையாட்டுகள் விலக்குப் பட்டியலில் இருக்கும். எந்த விளையாட்டு, எவ்வளவு உயரம், எவ்வளவு ஆழம் வரை என்று பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள். மலையிலிருந்து ஹெலிகாப்டரில் மீட்கும் செலவு அதில் உண்டா என்பதையும்.

நிறுவனத்திடம் என்ன கேட்பது? எத்தனை ஆண்டு அனுபவம், சான்றிதழ் உண்டா என்று எல்லோரும் கேட்கிறார்கள், கேட்க வேண்டியதுதான். நான் அதற்கு மேல் சிலவற்றைக் கேட்பேன். இன்றைய வானிலை அறிக்கையை யார் பார்த்தார்கள், எத்தனை மணிக்கு? மேல் மலையில் மழை பெய்தால் ஓடைக்குள் இருக்கும் கைடுக்குச் செய்தி எப்படிப் போகும்? நடுவழியில் வெளியேற எத்தனை இடங்கள் இருக்கின்றன? போகலாமா வேண்டாமா என்று கடைசி முடிவு எடுப்பவர் யார், கைடா, முன்பதிவு செய்யும் ஆளா? ரத்தானால் பணம் முழுதாகத் திரும்புமா? இந்தக் கடைசிக் கேள்வி காசைப் பற்றியது மாதிரி இருக்கும். ஆனால் ரத்து செய்தால் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும் நிறுவனம், ரத்து செய்யத் தன் கைடுக்கு உரிமை கொடுத்திருக்கிறது. வேறு நாள் வாருங்கள் என்று மட்டும் சொல்லும் நிறுவனத்தில், நாளைக்குக் கிளம்பப் போகும் பயணியும் கைடும் சேர்ந்தே போகலாம் என்ற பக்கம் சாய்வார்கள்.

பிறகு, கடைசியாக எப்போது ஒரு பயணத்தை ரத்து செய்தீர்கள், ஏன் என்று கேட்டுப் பாருங்கள். நல்ல கைடு யோசிக்காமல் சொல்வார்: போன வாரம், மாலையில் மேகம் கட்டியது, பாதி வழியில் வெளியே கூட்டிவந்துவிட்டோம். நாளும் காரணமும் அவர் வாயில் இருக்கும். நாங்கள் ரத்தே செய்வதில்லை, எங்களுக்கு இங்கே எல்லாம் பழக்கம் என்ற பதில் வந்தால் அடுத்த கடையைப் பாருங்கள்.